வாரத்துக்கு நாலு மில்லி

தரையில் குந்தி உட்கார்ந்து, தலையைச் சுவர் மட்டத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டு, கையில் டீ டம்ளரோடு காத்திருக்கிறார் மில்லி அக்கா. அவருக்கு மேலே, கைப்பிடிச் சுவரின் உச்சியில் பிஸ்கட் டப்பாவின் தகர மூடி ஒன்று. மூடியின் நடுவே உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு ஆன்டெனா வில்லை. அதிலிருந்து இறங்கும் ஒயர் அவர் மடியில் இருக்கும் சோப்பு டப்பாவுக்குள் போகிறது. டப்பாவின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கிறது. காலை ஆறே முக்கால் மணி. புதிதாகப் பார்க்கிறவர்கள் கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார் என்றே நினைப்பார்கள்.

"என் தலை குறுக்க வந்தா அந்தப் பக்கத்து சாட்டிலைட்டு மறைஞ்சிடும்," என்று கேட்காமலே விளக்குவார். "மண்டைன்னா பாதிக்கு மேல தண்ணிதானே. தண்ணிக்குள்ள சிக்னல் நுழையாது. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னா இன்னும் மோசம்."

விளக்கு சிமிட்டும்வரை, "இன்னும் யோசிக்கிறா," என்பார். சிமிட்டாமல் நின்று எரியத் தொடங்கியதும், "ம், முடிவு பண்ணிட்டா." அதற்குப் பிறகும் பத்து நிமிடம் அசையமாட்டார். அந்தப் பத்து நிமிடத்தில் வந்த எண்களின் சராசரியை நோட்டில் எழுதி, பக்கத்திலேயே வானிலையை ஒரே சொல்லில் குறிப்பார். 'தெளிவு.' 'மூட்டம்.' ஒருநாள் 'தும்மல்' என்று எழுதியிருந்தது. அது வானிலை இல்லையாம். தும்மியதில் மூடி ஆடிவிட்டது. அந்த நாள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதற்கான குறிப்பு.

மில்லி என்ற பெயர் தெரு வைத்தது. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் மில்லி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தொழில், பல் செட் செய்வது. பள்ளத்து ரோட்டில் ரொட்டிக் கடையை ஒட்டி ஒற்றை அறை. பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பற்களை அடுக்கி, இழைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். மேலங்கியிலும் புருவத்திலும் எப்போதும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். "கால் மில்லி உசந்துச்சுன்னு வைங்க, சாப்பிடறப்ப அந்த ஒரு பல்லு மட்டும்தான் வாயில இருக்கிற மாதிரித் தோணும்," என்பார். நாற்பத்தொன்பது வயதில் இருபத்தாறு வருடங்களைக் கால் மில்லிகளோடு கழித்தவர். காய்கறிக் கடையிலும் அதே பேச்சுதான். "வாழைப்பழம் போன வாரத்தைவிட எட்டு மில்லி குட்டை," என்று சொல்லிக் கடைக்காரரைத் திகைக்க வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சோப்பு டப்பாவுக்குள் இருக்கும் இந்த சாட்டிலைட் போர்டுகளுக்குள் அவரை இழுத்துவிட்டது ஒரு கோபம். கணவர் பஸ் டிரைவர். பஸ் எங்கே வருகிறது என்று பயணிகள் போனில் பார்க்கும் வசதி வந்த புதிதில், ஸ்டாப்பில் நின்ற ஒருவர் மில்லி அக்காவிடம் போனை நீட்டினார். "உங்க வீட்டுக்காரர் குளத்துல பஸ் ஓட்டிட்டிருக்கார் பாருங்க." உண்மைதான். ரோட்டில் வந்துகொண்டிருந்த பஸ்ஸை வரைபடம் பக்கத்துக் குளத்துக்குள் காட்டியது. ஸ்டாப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"நாலு மீட்டர் தள்ளிக் காட்டுது. நாலு மீட்டர்னா நாலாயிரம் மில்லி. அதுக்குப் பேரு பிழையா? அதுக்குப் பேரு பொய்," என்று வீட்டுக்கு வந்து புலம்பியிருக்கிறார். டிரைவர் சாப்பிட்டுக்கொண்டே, "குளத்துல ஓட்டினா டயராவது தேயாதே," என்றாராம். அந்த வாரமே அக்கா, சென்டிமீட்டர் கணக்கில் இடம் சொல்லும் போர்டு என்று ஒன்று இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து வரவழைத்தார்.

யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பல் இழைக்கும் மேசையின் மறுபாதியில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் வந்து உட்கார்ந்தது. "முதல் போர்டை நான் எரிச்சேன், ஒயரை மாத்திக் குடுத்து. ரெண்டாவது என்னை எரிச்சுது," என்று கட்டை விரலில் உள்ள தழும்பைக் காட்டுவார். மூன்றாவதும் நான்காவதும் ஒழுங்காக வேலை செய்தன. அவை ஜோடி. ஒன்றுக்கு 'நிக்கிறவ' என்று பெயர், மற்றதற்கு 'சுத்துறவ'.

இந்த ஜோடிப் பொருத்தத்தை அவர் விளக்குவதுபோல் நான் வேறெங்கும் கேட்டதில்லை. "சாட்டிலைட்டுல இருந்து வர்ற சிக்னல் வழியில காத்து, மேகம்னு பட்டுப் பட்டுக் கொஞ்சம் லேட்டா வருது. அதனால இடம் தப்பாத் தெரியுது. நிக்கிறவ என் கடை மாடியில ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்கா. அவ இடம் அவளுக்குத் தெரியும். அதனால வானம் இந்த நிமிஷம் எவ்வளவு தப்பாச் சொல்லுதுன்னும் அவளுக்குத் தெரியும். அதை அப்படியே சுத்துறவளுக்குச் சொல்லிடுவா. சுத்துறவ அந்தத் தப்பைக் கழிச்சிட்டு, நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு விரல் அகலத்துக்குள்ள சொல்லிடுவா. பத்து நிமிஷம் பொறுமையா நின்னு கேட்டா அதையும்விடச் சுத்தமாச் சொல்லுவா."

முதலில் சுற்றுகிறவளைப் பஸ்ஸின் கூரையில் ஏற்றி ஒருநாள் முழுக்க அனுப்பினார். பஸ் போன தடம் முடி இழைபோல் திரையில் வந்தது. குளம் கிட்டவே இல்லை. அதற்குப் பதில், மருத்துவமனைத் திருப்பத்துக்கு முன்னால் ஆறு நடையிலும் டிரைவர் ஒரே இடத்தில் ஒரே அளவுக்கு விலகிப் போயிருந்தது தெரிந்தது. அங்கே ஒரு பள்ளம். "பள்ளத்துக்கு இவர் காட்டுற மரியாதையை எனக்குக் காட்டியிருந்தா..." என்று அக்கா ஆரம்பித்தபோது டிரைவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

அடுத்து ஒரு வண்டி செய்தார். மூன்று சக்கரம், அடியில் சுண்ணாம்புத் தூள் டப்பா, தலையில் சுற்றுகிறவள். மேல் தெருப் பள்ளியின் மைதானத்தில் அதை ஓடவிட்டால், ஆள் துணையில்லாமல் ஓடுபாதைக்கு எட்டுக் கோடுகள் போட்டுவிட்டு வந்து நிற்கும். வளைவுகளிலும் கோடு கோணாது; வெளி வரிசைக்குத் தூரம் கூடாதபடி ஒவ்வொரு வரிசைக்கும் புறப்படும் இடத்தையும் அதுவே குறிக்கும். முன்பெல்லாம் வெளி வரிசையில் ஓடும் பிள்ளைகள், தங்களுக்கு மட்டும் தூரம் அதிகம் என்று சண்டை பிடிப்பார்கள். இப்போது அந்தச் சண்டை நின்றுவிட்டது என்று விளையாட்டு ஆசிரியை எனக்குச் சொன்னார்.

ஒவ்வொரு முறை வண்டியை விடுவதற்கு முன்பும் போர்டு உண்மை பேசுகிறதா என்று பார்க்க, அசையாத ஒரு புள்ளி அவருக்குத் தேவைப்பட்டது. வீட்டு வாசலுக்கு எதிரே இருந்த தடுப்புச் சுவரைத் தேர்ந்தெடுத்தார். அதன் தலையில் ஒரு போல்ட்டைப் பல் ஒட்டும் பசையால் ஒட்டினார். வானம் திறந்த இடம். கல்லால் கட்டிய சுவர். அதைவிட அசையாத பொருள் நம் இரண்டு தெருவிலும் எது இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

அந்தச் சுவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மேல் தெருவில் நின்று பார்த்தால் அது இடுப்புயரக் கைப்பிடிச் சுவர். கீழ்த் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் மூன்று ஆள் உயரம். மேட்டு மண் முழுவதையும் அதுதான் தாங்கியது. அதன் காலடியில் எங்கள் ஒன்பது வீடுகள். பின்னறை ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் சுவரின் பாசியைத் தொடலாம். எங்கள் வீடு நடுவில், ஐந்தாவது.

நான்கு மாதம் போல்ட்டின் எண் மாறவில்லை. பிறகு ஒருநாள் மூன்று மில்லி மாறியது. "ஒரு நாள் நம்பரை நான் நம்பமாட்டேன். பத்து நாள் நம்பர் ஒரே பக்கமாச் சாய்ஞ்சாத்தான் நம்புவேன்," என்பது அவர் சட்டம். பத்து நாளும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. அப்போதும் அவர் சந்தேகப்பட்டது தன்னைத்தான். ஒயரை மாற்றினார். போர்டை மாற்றினார். கடை மாடியே அசைகிறதோ என்று, பள்ளித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருக்கும் பாறையில் இன்னொரு போல்ட் ஒட்டி அளந்தார். பாறை ஆடாமல் அசையாமல் இருந்தது. சுவரின் இரண்டு முனைகளிலும் போல்ட் ஒட்டினார். எட்டு வாரம் கழித்து முனைகள் நகர்ந்தது ஒன்பது, பதினொன்று மில்லி. நடு மட்டும் முப்பத்தொன்று. வாரத்துக்கு நாலு மில்லி. திசை, எங்கள் பக்கம்.

அப்போதுதான் என்னிடம் வந்தார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நகர அலுவலகத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தை நீட்டி, "எழுத்துப் பிழை இருந்தா பாத்துக் குடுங்க. பிழையோட போனா மதிக்கமாட்டாங்க," என்றார். இரண்டு பக்கம். ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது, இரண்டு இடத்தில் ரகர றகரம் மாறியிருந்தது. சிவப்பு மையால் திருத்தி, பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டேன். என் பின்னறை ஜன்னலிலிருந்து கைநீட்டும் தூரத்தில் உள்ள சுவர் என் வீட்டை நோக்கி நகர்கிறது என்று அந்தக் கடிதம் சொன்னது. ஒற்றைப் பார்த்தேன், அதைப் பார்க்கவில்லை. இருபது வருடத் தொழில் பழக்கம் என்று இன்றைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சமாதானம் ஆகவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் ஆள் வந்து பார்ப்பார் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அக்கா காத்திருக்கவில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார். சங்கத் தலைவர் டயர்க் கடைக்காரர், நான்காவது வீடு. நல்ல மனிதர், கொஞ்சம் உரத்த மனிதர்.

"சுவரு நடுவுல வயிறு தள்ளுது," என்று அக்கா நோட்டைப் பிரித்துக் காட்டினார்.

"முப்பது வருஷமா நிக்குதும்மா அது," என்றார் தலைவர். "நீங்க சோப்பு டப்பாவை வெச்சு வானத்துல இருந்து அளந்தேன்னு சொல்றீங்க. நாங்க கண்ணால பாக்குறோம். ஒரு விரிசல் இருக்கா?"

"இப்ப இல்லீங்க. பல்லும் ஆட ஆரம்பிக்கறப்ப வெளியில தெரியாதுங்க. தெரியறப்ப கையோட வந்துடும்."

அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "வயிறு தள்ளுதுன்னா சுவருக்கு எத்தனாவது மாசம்?" என்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரல் என்னுடையது.

மறுநாள் மாலை அவர் ஒன்பது வீட்டுக் கதவையும் தட்டினார். வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். "பின்னறையில படுக்காதீங்க. மழை முடியற வரைக்கும் கட்டிலை மட்டும் முன்னறைக்கு மாத்திடுங்க. அவ்வளவுதான் கேக்குறேன்." சிலர் மாற்றினார்கள். சிலர் சரி சரி என்று கதவைச் சாத்தினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கூட்டத்தில் கேலி பேசிவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

எங்கள் பின்னறையில் அப்பா இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருடமாகப் படுக்கை. அந்த அறையின் அமைதி அவருக்குப் பிடிக்கும். முன்னறையில் தெருச் சத்தம், தொலைக்காட்சி, வருகிறவர் போகிறவர். "நான் இங்கேயே இருக்கேன்," என்று ஒரே பிடிவாதம். என் மனைவி சொல்லிப் பார்த்துச் சலித்துவிட்டாள். நான் வற்புறுத்தவே இல்லை.

அக்கா நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அடுப்படியில் எனக்கு எல்லாம் கேட்டது.

"பெரியப்பா, கீழ்ப் பல் செட்டு இப்ப எப்படி இருக்கு?"

"பிரமாதமா இருக்கும்மா. கல்லைக் குடுத்தாலும் கடிப்பேன்."

"போன வருஷம் பல்லு ஆடுதுன்னு சொல்லி அனுப்பினீங்க. டாக்டர் பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்கு, வயசானவர் பிரமைன்னு சொன்னாரு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. இவனும் அதையேதான் சொன்னான்."

'இவன்' என்றது என்னை.

"நான் என்ன சொன்னேன்?"

"வாயி அவரோடது, அவருக்குத் தெரியாதான்னு சொன்னியாம். செட்டைத் திரும்ப வாங்கி இழைச்சுக் குடுத்தே."

"அரை மில்லி தூக்கியிருந்துச்சு பெரியப்பா. நீங்க சொன்னதுதான் சரி. அன்னைக்கு உங்க பல்லு அசையுதுன்னு நீங்க சொன்னப்ப நான் நம்பினேன். இன்னைக்கு இந்தச் சுவரு அசையுதுன்னு நான் சொல்றேன். நீங்க நம்புங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அப்பாவின் கட்டிலை நானும் டிரைவரும் முன்னறைக்குத் தூக்கிவந்து போட்டோம். தூக்கும்போது டிரைவர் என் காதருகே, "கூட்டத்துல நல்லாத்தான் ஜோக் அடிச்சீங்க," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது.

மூன்று வாரம் கழித்து மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. அந்த நான்கு நாளும் அக்கா குடைபிடிக்க முடியாமல், பிடித்தால் வானம் மறையும் என்பதால், நனைந்துகொண்டே அளந்தார். முதல் நாள் நான்கு. இரண்டாம் நாள் ஆறு. மூன்றாம் நாள் ஒன்பது. நான்காம் நாள் காலை விளக்கு நின்று எரிந்ததும் பத்து நிமிடம் பொறுக்கவில்லை. ஒரே இரவில் நாற்பத்திரண்டு மில்லி. அந்த ஒரு நாள் மட்டும் தன் சட்டத்தை அவரே மீறினார். நோட்டில் வானிலை எழுத வேண்டிய இடம் இன்றைக்கும் காலியாக இருக்கிறது.

அன்று டிரைவருக்கு வார விடுமுறை. கைலியோடும் பனியனோடும் கீழ்த் தெருவுக்குள் ஓடிவந்தார். மனிதர்களை வண்டியில் ஏற்றுவதும் இறக்குவதும்தானே முப்பது வருடப் பழக்கம். அதே குரலில், "இறங்கு, இறங்கு, எல்லாரும் இறங்கு. லக்கேஜ் அப்புறம். குழந்தைகள் முன்னாடி, வயசானவங்களைப் பிடிச்சுக்கோ," என்று ஒன்பது வாசலிலும் கதவைத் தட்டினார். வினோதம் என்னவென்றால், கூட்டத்தில் நோட்டைக் காட்டி விளக்கியபோது நம்பாதவர்கள், இந்தக் குரலைக் கேட்டதும் காரணம் கேட்காமல் இறங்கினார்கள். பஸ் கடைசி ஸ்டாப்புக்கு வந்துவிட்டதுபோல.

தலைவர் மட்டும் வரவில்லை. பின்னறைக் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். டிரைவர் உள்ளே போய் அவரைப் பிடித்து இழுத்துவந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை, கையில் ரேசர், வாயில் வசவு. "முடிச்சிட்டு வர்றேன்யா, விடுய்யா," என்று கத்திக்கொண்டே மழையில் நடந்தார். அவருக்கு முன்னால் அவருடைய மருமகள் நான்கு மாதக் குழந்தையைத் துண்டில் பொதிந்துகொண்டு போனாள். என் அப்பாவை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியோடு தூக்கினோம். எட்டரை மணிக்கெல்லாம் எல்லோரும் மழை விடுமுறையில் காலியாக இருந்த பள்ளிக்கூட வகுப்பறைகளில் இருந்தோம். அக்கா வாசலில் நின்று தலைகளை எண்ணினார். முப்பத்தெட்டு. மறுபடியும் எண்ணினார். முப்பத்தெட்டு. மூன்றாம் முறையும் எண்ணினார்.

ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. குழந்தைகள் பலகையில் படம் போட ஆரம்பித்தார்கள். அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். "இன்னைக்குச் சம்பளம் போச்சு," என்றார் ஒருவர். அக்கா ஈரத் தலையைத் துவட்டாமல் ஜன்னலோரம் நின்றிருந்தார். அவரிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சுவர் விழக் கூடாது என்றும், விழாவிட்டால் இந்த அம்மாவின் நிலைமை என்ன ஆகும் என்றும் ஒரே சமயத்தில் நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு கேட்டபோது, "இல்லீங்க. என் போர்டு தப்பா இருக்கணும்னு வேண்டிட்டிருந்தேன். ஆயுசுல முதல் தடவை தப்பா அளந்திருக்கணும்னு வேண்டினேன்," என்றார்.

பத்து இருபதுக்குச் சத்தம் கேட்டது. இடி என்று சிலர் நினைத்தார்கள். இடி மேலேயிருந்து வரும். இது காலுக்குக் கீழிருந்து வந்தது. வகுப்பறைப் பெஞ்சுகள் நடுங்கின.

மேல் தெரு நடைபாதையில் பாதியைக் கூட்டிக்கொண்டு சுவர் நடுவில் பிளந்து இறங்கியிருந்தது. மூன்றாவது வீட்டிலிருந்து ஏழாவது வீடுவரை பின்னறைகள் இல்லை. எங்கள் வீட்டில் முன்னறை அப்படியே இருந்தது. காலையில் குடித்துவிட்டு வைத்த டம்ளர்கூட மேசையில் கவிழாமல் இருந்தது. அதற்கு அடுத்த கதவைத் திறக்கத் தேவை இருக்கவில்லை, கதவே இல்லை. அப்பாவின் கட்டில் இரண்டு வருடம் கிடந்த மூலையில், பீரோ அளவுக்கு ஒரு கல் சேற்றோடு உட்கார்ந்திருந்தது. நான் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் மனைவி வந்து முழங்கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு போனாள்.

முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தலைவரின் கன்னத்தில் மட்டும் ஒரு வெட்டு. அது ரேசர் செய்தது. பள்ளிக்கூட நடையில் அவர் அக்கா எதிரில் வந்து நின்றார். நுரை காய்ந்து பாதி முகம் வெள்ளையாக இருந்தது. அந்த உரத்த மனிதர் மருமகளிடமிருந்து குழந்தையை வாங்கி அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கீழே ரெண்டு பல்லு வரப்போகுது போல. ஈறு வீங்கியிருக்கு," என்றார்.

பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு இளம் பொறியாளர் வந்தார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நின்றபடியே படித்தார். "இது எனக்கு ஒரு மாசத்துக்கு வேணும்மா," என்றார். "ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க சார். ஆனா உயர நம்பரை ரொம்ப நம்பாதீங்க. பக்கவாட்டுல இருக்கிற தப்பைவிட அதுல ரெண்டு மடங்கு தப்பு இருக்கும்," என்றார் அக்கா. தன் அளவின் குறையைத் தானே எடுத்துச் சொல்லும் ஆளை அவர் அதற்கு முன்பு பார்த்ததில்லை போலும். பேனாவை மூடிவிட்டு அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தார். இப்போது மேட்டின் மற்ற இரண்டு சுவர்களிலும் அலுவலகமே இதே மாதிரி போர்டுகளைப் பொருத்தியிருக்கிறது. தகர மூடிகூட அக்கா சொன்ன அளவில்தான்.

நன்றி சொல்வதற்குத் தெருவுக்கு வழி தெரியவில்லை. ரொட்டிக் கடைக்காரர் தினமும் சூடாக ஒரு ரொட்டியை அக்காவின் கடைக் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போகிறார். டயர்க் கடைக்காரர் கோடு போடும் வண்டிக்கு மூன்று புதுச் சக்கரங்களைத் தன் கையால் பூட்டிக் கொடுத்தார்; காற்றும் தினமும் அவரே வந்து பார்க்கிறார். அவர் மருமகள், நோட்டு மழையில் நனையாமலிருக்க மெழுகுத் துணியில் ஒரு உறை தைத்துத் தந்தாள். என் அப்பா, யார் வந்தாலும் வாயைத் திறந்து கீழ்வரிசையைக் காட்டி, "இதைச் செஞ்ச கைதான் என்னையும் தூக்கி அந்தப் பக்கம் போட்டுது," என்கிறார். பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்று நான் சொன்னபோது அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "அளவெல்லாம் சரியாப் போடுங்க. மத்தது உங்க இஷ்டம்." போட்டிருக்கிறேன். மூன்று முறை சரிபார்த்தும் இருக்கிறேன். இந்தத் தடவை பொருளையும் படித்தேன்.

ஆனாலும் நேரில் நான் இன்னும் சொல்லவில்லை. கேலிக்கு மன்னிப்பு, அப்பாவைக் காப்பாற்றியதற்கு நன்றி, இரண்டும் பாக்கி. போன ஞாயிற்றுக்கிழமை துணிந்து போனேன். இடிபாடுகளை அள்ளி முடித்திருந்தார்கள். எங்கள் பின்னறை இருந்த வெற்றிடத்தில், புதுச் சுவர் எங்கே வர வேண்டும் என்று குறித்திருந்த சுண்ணாம்புக் கோட்டின் பக்கத்தில், அக்கா தனியாக நின்றுகொண்டிருந்தார். வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். கிட்டே போய், அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவது என்று என் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"வந்தீங்களா, நல்லவேளை," என்றார் மில்லி அக்கா. இடுப்பிலிருந்த அளவு நாடாவை உருவி, நீட்டிய என் கைகளில் அதன் நுனியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். "இறுக்கிப் பிடிங்க. ஆட்டாதீங்க." நாடாவை விட்டுக்கொண்டே, என்னைப் பார்த்தபடி, பின்னோக்கி நடந்து போனார்.